கூப்பிட்டதற்கு வந்த விருந்தாளி

பலாபத்வலையைத் தாண்டி நாலந்தைக்குப் போகும் வழியில், ஒரு பலாமரத்து நிழலில் பலீல் லொறியை நிறுத்தினான். நடுப்பகல். வயிறு பசித்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை.

லொறியின் பின்னால் அவன் சிநேகிதன் நோபர்ட்டின் வீடே கட்டிக் கிடந்தது. இரும்புக் கட்டில், அலுமாரி, தையல் மெஷின், இரண்டு தலையணைக்கு நடுவே பத்திரமாகத் திரு இருதயப் படம். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பத்து வருஷம் கிளாக்கராக இருந்த நோபர்ட்டுக்குத் தம்புள்ளை டவுனில் ஒரு நெல் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. அவன் மனைவி ஜோசப்பினுக்கு ஏழு மாதம். முதல் இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இதையாவது டொக்டர் பக்கத்திலிருக்கும் இடத்தில் பெற்றெடுக்க வேண்டும் என்றுதான் இந்த ஊர் மாற்றமே. அவள் முந்தின நாளே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. ரோட்டோரத்தில் என்ன கிடந்தாலும் பார்க்காத மாதிரி ஓட்டிப் போக எல்லோரும் பழகியிருந்தார்கள். பிடித்துப் போன பொடியன்களை டயர் போட்டு எரித்த கறுப்பு வட்டங்கள் தாரில் இருக்கும். லொறிகள் ஒதுங்கிப் போகும். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பலீலுக்கு ஒரு வியாதி உண்டு. மரியாதை என்று அதற்குப் பெயர். கல்யாண வீட்டில் சஹன் வைத்தால், அதாவது ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடும்போது, முன்பின் தெரியாதவனுக்கும் இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுவான். யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் "சரி, வாறோம்" என்பான். மனைவி மஸீனா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியைத் திறந்தான். வாழையிலையில் மாட்டிறைச்சிக் கறி மணத்தது. அப்போதுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் குந்தியிருப்பதைக் கண்டான்.

"டேய் பலீலு, கூப்பிட்டுறாத. குடிகாரன் மாதிரி இருக்கான்" என்றான் நோபர்ட்.

"குடிகாரனுக்கும் வயிறு ஈக்கிதானே மச்சான்."

சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடாமல் இருக்க அவனால் முடியாது. "மல்லி, வாங்க, சாப்பிடுவோம்" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் குரல் கொடுத்தான். குந்தியிருந்தவன் திரும்பவில்லை. தலை மட்டும் மெதுவாக ஆடியது. சரி, வரமாட்டான் போலிருக்கிறது என்று பலீல் முதல் பிடியை வாயில் போட்டான்.

பல்லில் ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தான்.

நகம்.

கருகிய மனித நகம். அடியில் இன்னும் கொஞ்சம் சதை ஒட்டியிருந்தது.

நோபர்ட் ஓடிப்போய்ப் புல்லில் வாந்தியெடுத்தான். இலையிலிருந்த சோறு கண் முன்னாலேயே மஞ்சளாகி, விரலோடு நூல் நூலாக வந்தது. மரத்தடியில் இப்போது ஆளில்லை. குந்தியிருந்த இடத்துப் புல்லில் பன்றி நெய்யை ஊற்றியது போல ஒரு பிசுக்கு. அதில் ஈ மொய்த்தது.

பொதிகளை வீசிவிட்டு லொறியை எடுத்தார்கள். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நோபர்ட் கதவோடு ஒட்டிக்கொண்டான். நடு இருக்கை காலி.

காலிதான். ஆனால் ஈக்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தன.

எரிந்த டயரும் உருகிய கொழுப்பும் கலந்த நாற்றம். கண்ணாடியை இறக்கினாலும் போகவில்லை, நாக்கிலேயே படிந்தது. இருக்கைத் துணியில் மஞ்சளாக ஒரு ஈரம் ஊறி, பலீலின் தொடைப் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தது. சாரத்தை இழுத்துக்கொண்டான். அப்படியே தம்புள்ளைவரை ஓட்டினான்.

புது வீட்டு வாசலில் ஜோசப்பின் சிரித்த முகத்தோடு நின்றாள். "களைச்சுப் போயிருப்பீங்க. எல்லாரும் உள்ள வாங்க, சோறு ஆக்கி வச்சிருக்கேன்."

ஈக்கள் இருக்கையை விட்டு எழுந்தன. அவளைத் தாண்டி உள்ளே போயின.

லொறிக்குள் காற்று சுத்தமாகிவிட்டது. பலீல் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். சனியன் இறங்கிப் போய்விட்டது, இப்படியே திருப்பிக்கொண்டு போனால் தன் தலை தப்பும் என்று நினைத்தான். நினைத்த மறுகணமே தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. மரத்தடியில் வாயில் போட்ட சோறுகூட அந்த நினைப்பளவு அருவருப்பாக இல்லை.

உள்ளேயிருந்து ஜோசப்பின் ஓங்கரிக்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அடுப்படியில் சோற்றுப்பானை நுரைத்து, பச்சையாய் வழிந்துகொண்டிருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்திருந்தாள்.

"காலையிலருந்து உதைச்சுக்கிட்டே இருந்துச்சுங்க" என்றாள் புருஷனிடம். "இப்ப அசைய மாட்டேங்குது."

நோபர்ட் வாய்விட்டு அழுதான்.

பலீல் யோசித்தது கொஞ்ச நேரம்தான். மரத்தடியில் கூப்பிட்டது அவனேதான். அப்படியானால் விருந்தாளி தன்னுடையவன். பசியோடு வந்தவன் வயிறு நிறையாமல் எழுந்து போகமாட்டான். சாமான்களுக்குள் இருந்த பெரிய தட்டை எடுத்துப் பானையை அதில் கவிழ்த்தான்.

"என்னடா செய்ற? நானும் வாறேன்" என்றான் நோபர்ட்.

"நீ பொஞ்சாதிகிட்ட இரு. நான் கூப்பிட்ட ஆளு, நான் கூட்டிட்டுப் போறேன்."

அடுப்படியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்: "மல்லி, வாங்க. நாம அங்கேயே போய்ச் சாப்பிடுவோம்."

நாற்றம் அவன் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

லொறியைத் திருப்பும்போது வீட்டுக்குள்ளிருந்து ஜோசப்பினின் கூச்சல் கேட்டது. "அசையுதுங்க! அசையுது!" பலீல் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் கியரைப் போட்டான். நடு இருக்கை பள்ளம் விழுந்து அமுங்கியிருந்தது.

பலாமரத்தடியை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தட்டைப் புல்லில் வைத்து, பிஸ்மி சொல்லி, சம்மணமிட்டு உட்கார்ந்தான். சஹனில் முறை ஒன்று உண்டு. விருந்தாளி கையை எடுக்கும்வரை வீட்டுக்காரன் கையை எடுக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்துச் சோற்றில் ஐந்து குழி விழுந்தது.

ஒரு பிடி குறைந்தது.

பலீலும் ஒரு பிடி எடுத்தான். பிசுபிசுவென்று தொண்டையில் இறங்க மறுத்தது. குமட்டி வாய்வரை வந்ததைத் திரும்ப விழுங்கினான். இன்னொரு பிடி. சோற்றுக்குள் மயிர் கிடந்தது. அதையும் விழுங்கினான். எதிரே யாரோ அவசரம் அவசரமாக மெல்லும் ஈரச் சத்தம். எத்தனை நாள் பசியோ, பாவம் என்று ஒரு நொடி நினைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கவளம் உருட்டி அவன் பக்கமாகத் தள்ளப்பட்டது. மரியாதை தெரிந்தவன். பலீல் கண்ணை மூடிக்கொண்டு அதையும் தின்றான்.

தட்டு காலியானது. நீளமாக ஒரு ஏப்பம், வெந்த கொழுப்பு நாற்றத்தோடு அவன் முகத்தில் அடித்தது. பிறகு நாற்றமே இல்லை. பலாமரத்தில் ஒரு கிளி கத்தியது.

லொறியில் ஏறினான். நடு இருக்கை நிமிர்ந்திருந்தது, ஈ ஒன்றுகூட இல்லை. மஸீனாவும் இரண்டு பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சாவியைத் திருகினான்.

ஜன்னலோரம், காதுக்கு வெகு அருகில், ஓர் இளம் குரல் சிங்களத்தில், அண்ணனைக் கூப்பிடுவது போல அடக்கமாகச் சொன்னது:

"அய்யே, வயிறு நிறைஞ்சுது. நாளைக்கு நீங்க எங்க வீட்டுக்கு வரணும். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க."

"சரி மல்லி, வாறோம்" என்று பலீலின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.