உள்ளே தொடுகிறது

குப்பண்ணனின் இதயத்திலிருந்து கம்பியை உருவித் தட்டில் வைத்த பிறகும் திரையில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.

ஸ்ரீலேகா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். காலையிலிருந்து அதே நாற்காலி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் சுதீப் கம்பி நுனியால் இதயச் சுவரைத் தொடத் தொட, இந்தப் பக்கம் அவளுடைய கணினி அந்த இடங்களையெல்லாம் சேர்த்து இதயத்தின் உருவத்தை வரையும். நல்ல சதை ஊதா, செத்த சதை சிவப்பு. துடிப்பு எந்த இடத்தில் தாறுமாறாகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே சுட்டுவிடுவார்கள். சுட்டும் ஆகிவிட்டது. ஏசியின் குளிரும் ஸ்பிரிட் வாடையும் தலைக்குள் ஏறியிருக்க, உடம்பு படுக்கைக்குக் கெஞ்சியது.

"சார், புள்ளி இன்னும் வரது."

"கேபிள் லூஸா இருக்கும். பிடுங்கிப் போட்டுட்டு ஆத்துக்குப் போ. நோக்கு நிக்கவே முடியலை." கையுறையைக் கழற்றியபடி சுதீப் வெளியேறினார். ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட நர்ஸும் வாசலுக்குப் போனாள்.

ஒலிபெருக்கியில் குப்பண்ணனின் அரைமயக்கக் குரல் வந்தது.

"ஏனுங்க அம்மிணி, இன்னும் முடியலீங்களா? உள்ள தொட்டுட்டே இருக்கறீங்க..."

"கம்பி எடுத்தாச்சுங்க."

"அப்ப ஆருங்க தொடறது?"

அவள் கேபிளைப் பிடுங்கினாள். இன்னொரு புள்ளி. கணினியின் சுவிட்சை அணைத்தாள். திரை அணையவில்லை.

"போதுமுங்க... உட்டுருங்க..." நல்லேப்பிள்ளி கிராமத்தில் வயலும் மாடும் கட்டி ஆண்ட மனிதர், குழந்தைபோல் அழுதார்.

பயத்தைவிட அந்த அழுகைதான் தாங்கவில்லை. உள்ளே ஓடினாள். அவர் நெஞ்சில் கை வைத்து, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள்: "அவரை விட்டுடு."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "போயிருச்சுங்க அம்மிணி." தூங்கிப்போனார்.

அவள் திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தாள். திரையில் அவருடைய இதயம் இல்லை. வெறும் கறுப்பு.

ஒரு புள்ளி விழுந்தது.

அதே நொடியில் அவளுடைய இடது மார்புக்குள், விலா எலும்புக்கும் உள்ளே, விரல்நுனிபோல் எதுவோ தொட்டது.

இன்னொன்று. கொஞ்சம் தள்ளி. இன்னொன்று.

நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டாள். திரையில் ஓர் இதயம் உருவாகிக்கொண்டிருந்தது. சின்னது. ஊதா நிறம். அவள் மூச்சு வாங்க வாங்க அதுவும் வேகமாகத் துடித்தது.

தொடுதல் அவசரப்படவில்லை. தேடியது.

பிறகு நின்றது. ஒரே இடத்தில். அழுத்தமாக.

சூடு.

திரையில் அந்த இடத்திலிருந்து ஊதா மெல்லச் சிவந்துகொண்டே வந்தது.