பின்னணியில் ஓடும் மூச்சு

கணினியில் புதிதாகத் திறந்த டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் பின்னணி வேலை எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு டெர்மினலும் தான் தொடங்கிய வேலைகளை மட்டுமே அறியும். மூடினால் அவையும் போகும். ஆனால் ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் ஜாப்ஸ் கட்டளையை அவள் கைப்பழக்கத்தில் தட்டியதும் ஒரு வரி வந்தது.

மூச்சு: ஓடுகிறது.

மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர், அடுப்படியில் கொதிக்கும் தேநீர், கணவன் கரண்டியைத் தேடி இழுப்பறையைத் திறந்து மூடுவது என்று வீட்டின் சத்தங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இந்த வரிக்கு மட்டும் இங்கே இடமில்லை.

மூச்சு என்ற அந்த நிரலை எழுதியவன் கணவன்தான், குறைமாதத்தில் பிறந்த மகளுக்காக. தொட்டிலில் கட்டிய மைக் குழந்தையின் மூச்சைக் கேட்கும். ஒரு மூச்சுக்குத் திரையில் ஒரு புள்ளி. மூச்சு தவறினால் அலாரம்.

அன்று அலாரம் அடிக்கவில்லை.

அடக்கம் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் கணினியைப் பார்த்தவள் அவள். மூச்சு: நின்றிருக்கிறது. வேறெதையோ தட்ட அவனுக்குத் திரை தேவைப்பட்டிருக்கிறது, கன்ட்ரோல்-இசட் அழுத்தியிருக்கிறான். அது வேலையை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். பின்னணியில் மறுபடி ஓட, பிஜி என்று தட்ட வேண்டும். இரண்டே எழுத்து. மறந்துவிட்டான்.

அவள் டெர்மினலை மூடினாள். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று அவன் கேட்டபோதெல்லாம் மைக் பழுது என்றாள். தெரிந்தால் அவன் தாங்கமாட்டான்.

இப்போது எஃப்ஜி தட்டினாள். வேலை முன்னால் வந்தது.

ஒரு புள்ளி. இன்னொன்று. சின்னச் சின்னதாய், அவசர அவசரமாய், குழந்தையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கிய அதே கதியில். அலமாரி மேல் அட்டைப்பெட்டியில் மைக் கிடந்தது. அதன் வயரை அவளேதான் சுருட்டி வைத்திருந்தாள். சுருள் கலையவில்லை.

தொட்டில் கிடக்கும் பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கிலிருந்து பால் வாசனை வந்தது.

நிறுத்த மனம் வரவில்லை. புள்ளிமேல் விரலை வைத்தாள்.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்குள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?" அடுப்படியிலிருந்து அவன் குரல். பல மாதங்களுக்குப் பிறகு அவன் விளையாட்டாகப் பேசுவது. "டீ ஆறிடும். நானே கொண்டு வரேன்."

"வேணாம். நான் வரேன்."

செருப்புச் சத்தம் நெருங்கியது. புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. அவன் பார்க்கக் கூடாது. அவள் விரல்கள் தாமாகவே போயின.

கன்ட்ரோல். இசட்.

மூச்சு: நின்றிருக்கிறது.

கோப்பையுடன் அவன் அவள் பின்னால் நின்றான். அந்த வரியை வாசித்தான். மறுபடி வாசித்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சா?"

அவள் கையால் அந்த வரியை மறைத்தாள்.

"நான் பிஜி போடலையா?"

சாத்திய அறைக்குள் ஏதோ விக்கியது. சின்னத் தொண்டை. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை.

கோப்பை உடைந்தது. அவன் கதவை உலுக்கினான். தாழ்ப்பாள் இல்லாத கதவு. திறக்கவில்லை.

அவள் தட்டினாள். பிஜி.

அப்படி ஒரு வேலை இல்லை.

பிஜி.

அப்படி ஒரு வேலை இல்லை.

"போடு," என்று கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அவன் கெஞ்சினான். "போடும்மா."

பிஜி.

உள்ளே தொட்டில் ஆடத் தொடங்கியது. மூச்சுக்குத் தவித்துக் கைகால் உதைக்கும் வேகத்தில்.