தூக்க மாத்திரை இல்லை!

"அம்மாவுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வச்சுட்டு நிம்மதியா இருக்கீங்களா அண்ணி?"

காலை ஏழு மணிக்கே நாத்தனாரின் குரல் கூடத்தை அதிர வைத்தது. பெட்டி தயார். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக எட்டு மணிக்கு பஸ். ஒன்பது மணி நேரப் பயணம்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது தூக்க மாத்திரையா? இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை! மாமியாரைப் பார்த்துக்கொள்ள டீச்சர் வேலையை விட்டு நாலு வருஷம். அதற்கு இந்தப் பட்டம்!

மாமியார் நாற்காலியில் கண் சொருகி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷம் தையல் மெஷினை மிதித்தவள், நேற்று ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, "நீதான் துணியை மாத்தி வச்சே!" என்று மருமகளைக் கரித்துக் கொட்டினாள். கூடவே விடாத தலைவலி. இன்று இடது கால் செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்து வந்தாள். வயசாயிடுச்சு என்று வீடே முடிவுகட்டிவிட்டது. மருமகளுக்கு மட்டும் டீச்சராக இருந்தபோது முதலுதவி வகுப்பில் கற்றது ஞாபகம் வந்தது.

"அத்தை, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க."

"எதுக்குடி?"

"எனக்காக... ஒரே ஒரு தடவை!"

வலது கை நீட்டியபடியே நின்றது. இடது கை மெல்ல மெல்ல இறங்கி மடியில் விழுந்தது.

"தலையில எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"மூணு வாரம் இருக்கும்... அலமாரிக் கதவு. லேசாத்தான். சொன்னா மெஷினைத் தொட விடமாட்டியே நீ!"

அவ்வளவுதான்! மருமகள் பாய்ந்துபோய் வாசலை மறித்தாள்.

"பஸ் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே!"

"நாடகம் ஆடாதே, வழியை விடு" என்றான் கணவன்.

"நாலு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேங்க. இன்னிக்கு மாட்டேன்! அத்தைக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லட்டும், நானே இந்த வீட்டை விட்டுப் போயிடறேன்!"

அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. ஆட்டோவைக் கூப்பிட ஓடினான். அவள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்த கையோடு டாக்டர் வேகமாக வந்தார்.

"மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு, தேங்கி, மூளையை அழுத்துது. இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குச் சின்ன இடியே போதும். அட்டையைக் கொண்டுவந்தது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. முதல்ல அந்த மாத்திரையோட வேகத்தை முறிக்க மருந்து கொடுத்துட்டு, மண்டையில துளை போட்டு ரத்தத்தை எடுத்துடறோம். பஸ்ல தூங்கறாங்கன்னு விட்டிருந்தீங்கன்னா... எழுப்பவே முடியாமப் போயிருக்கும்!"

நாத்தனார் பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறிந்தாள். கணவனால் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள். தலைக் கட்டோடு மாமியார் தெளிவாகக் கண் திறந்தாள்.

"அண்ணி... என் நாக்கு அழுகிப்போகணும். என்னென்ன பேசிட்டேன்!" நாத்தனார் அவள் தோளில் விழுந்து கதறினாள்.

"விடும்மா... உங்க அம்மாவாச்சே, உனக்குப் பதறாதா?" அவளுக்கும் கண்ணீர் கொட்டியது.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள். "உடம்பு தேறினதும் என்னோட வந்துடும்மா. நான் பார்த்துக்கறேன்."

மாமியார் மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ ஊருக்குக் கிளம்புடி. எனக்கு இங்கே என் மக இருக்கா!"