ஏரியில் போட்ட பெட்டி

அய்லி கோர்பி அழைப்பு மணியை அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள், கையிலிருந்த தடித்த காகிதக் கட்டை ஹில்யா ராண்டாவின் சாப்பாட்டு மேசைமேல் தொப்பென்று போட்டாள். எண்பத்திரண்டு வயது. கோபம் வந்தால் அதில் இருபது குறைந்துவிடும்.

"நாளைக்கு அருங்காட்சியகத்துல கண்காட்சி திறக்கிறாங்க ஹில்யா. சுவர்ல என் போட்டோ. அதுக்குக் கீழ 'பெட்டியை ஏரியில் போட்ட பெண்'னு எழுதப்போறாங்க. நான் செத்தப்புறம் எழுதித் தொலைக்கக் கூடாதா?"

மேசையின் மறுபுறம் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்த வைனோ எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். வைனோ, ஹில்யாவின் மறைந்த கணவனுக்குத் தம்பி. நாற்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். எந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று கேட்காமலே தெரிந்துகொண்ட பழக்கம் இன்னும் விடவில்லை. ஹில்யா அதற்கு நேர் எதிர். காப்பீட்டு நிறுவனத்துக்காக முப்பது வருடம், தானாக எரிந்த கொட்டகை எது, எரிக்கப்பட்ட கொட்டகை எது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள். கேட்டாலொழியப் பேசமாட்டாள்.

இந்தச் சிறிய ஊர் ஆஷ்பி பேயின் ஊழலைப் பற்றித் தெரியாதவர்கள் மிச்சிகன் மாநிலத்திலேயே கிடையாது. எழுபத்தைந்தாம் வருடம், குடிநீர் நிலையம் கட்டும் ஒப்பந்தத்துக்கு மேயர் ஹார்லன் பெக் லஞ்சம் வாங்கினார் என்று புகார். மேயருக்கு யார் வந்தார், என்ன பேசினார் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதும் பழக்கம். அந்த நோட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. விசாரணைக் குழு பெட்டியைக் கேட்டபோது பெட்டி இல்லை. விசுவாசம் மிகுந்த செயலாளர் அய்லி, உறைந்த ஏரியின்மேல் நடந்துபோய் மீன் பிடிக்கப் பனியில் வெட்டிய ஓட்டை வழியாக அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள் என்பது முடிவு. மேயர் பதவி விலகி, இரண்டே வருடத்தில் செத்துப்போனார். பெட்டி கிடைக்காததால் அய்லியை ஜெயிலில் போட முடியவில்லை, வேலையை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் கோடையில் முக்குளிக்க வருகிறவர்கள் 'பெட்டி எங்கே?' என்று அச்சடித்த பனியனை வாங்கி மாட்டிக்கொண்டுதான் ஏரியில் இறங்குகிறார்கள். என்ன ஜென்மங்களோ!

"ஐம்பது வருஷமா இந்த ஊர்ல என் கையில ஒருத்தரும் ஒரு பெட்டியைக் கொடுத்ததில்ல" என்றாள் அய்லி. "சர்ச்ல காணிக்கைத் தட்டு என்னைத் தாண்டித்தான் போகும். பிறந்தநாள் கேக் பெட்டியைக்கூட 'நான் எடுத்துட்டு வரேன், நீங்க நடங்க'ம்பாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க. ஆனா கொடுக்க மாட்டாங்க."

அவள் குரல் அங்கே உடைந்தது. வைனோ ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அவனே எத்தனை முறை அவள் வீட்டுப் பார்சலை வாசலில் வைத்துவிட்டு அந்த ஜோக்கை அடித்திருக்கிறான்!

"இது என்ன கட்டு?" என்று கேட்டாள் ஹில்யா.

"ரகசிய விசாரணையில பேசினது. ஐம்பது வருஷம் பூட்டி வெச்சிருந்தாங்க, போன மாசம்தான் திறந்தாங்க. என்னை ஏரியில பார்த்ததா சொன்ன சாட்சி யாருன்னு இப்பதான் எனக்கே தெரியுது. ராய்ஸ் டில்மன்! மேயரோட உதவியாளன். எனக்கு அடுத்த மேசை. அந்தச் சாட்சிக்கு அப்புறம்தான் 'நேர்மையானவன்'னு பேர் வாங்கி, இருபது வருஷம் செனட்டரா இருந்தான். நாளைக்கு ரிப்பன் வெட்டப்போறதும் அவன்தான். நான் அவன் பேரைப் பார்த்தேன். அதுக்கு மேல படிக்க முடியல."

"வைனோ, படி. சத்தமா" என்றாள் ஹில்யா.

வைனோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாடகம் மாதிரிப் படித்தான். ஏப்ரல் பத்து, வியாழக்கிழமை. டில்மன் கரையில் நின்றிருந்தார். அய்லி பெட்டியோடு ஏரியின்மேல் போனார், பனி இளகி எப்போது மூழ்கும் என்று ஊரே பந்தயம் கட்டும் பழைய கார் நின்ற இடம்வரை. வெறும் கையோடு திரும்பினார்.

"'அப்போது மணி என்ன?' இது குழு கேக்குது. 'மூன்று நாற்பத்தேழு.' 'அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறீர்கள்?' 'என் கைக்கடிகாரம் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். அதனால் கரையிலிருந்த பந்தயக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.' இந்த மணியை வெச்சுத்தான் அவனை நம்பியிருக்காங்க அண்ணி. 'சாட்சி நிமிடம்வரை நினைவு வைத்திருக்கிறார்'னு தீர்ப்புலயே பாராட்டு!"

பிறகு அவனே குதித்தான். "அண்ணி, புடிச்சுட்டேன்! ஏப்ரல்ல ஏரிமேல யார் நடப்பா? பனி இளகியிருக்கும்!"

"அந்த வருஷம் இல்ல" என்றாள் ஹில்யா. "ஏப்ரல் நடுவுல எங்க அப்பா அந்தப் பனிமேல டிரக்கே ஓட்டினார். கார் எப்ப மூழ்கிச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? இருபத்திரெண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை! ரெண்டே ரெண்டு நிமிஷத்துல எனக்குப் பரிசு போச்சு! மூணு நாப்பத்தொம்போதுன்னு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு புது படகு, அண்ணி! அந்தச் சீட்டு இன்னும் என் குளிர்சாதனப் பெட்டிமேல ஒட்டியிருக்கு."

"ஐம்பது வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்றே" என்ற ஹில்யா சட்டென்று கோப்பையைக் கீழே வைத்தாள். "வைனோ, காரை எடு. அருங்காட்சியகத்துல அந்தப் பழைய கடிகாரம் இருக்கில்ல? அதைப் பார்க்கணும்."

அருங்காட்சியகம் முன்பு தீயணைப்பு நிலையமாக இருந்த கட்டடம். பொறுப்பாளர் கோர்ட்னி வேல், சிகாகோவிலிருந்து வந்து இரண்டு வருடமான இளம்பெண், ஏணிமேல் நின்று விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தாள். கடிகாரம் ஒரு மூலையில் தொங்கியது. மரப்பெட்டிக்குள் வட்ட முகம், அதன் கீழ் மின்கம்பி. பனிமேல் நிற்கும் ஓட்டைக் காரிலிருந்து கரைவரை கயிறு கட்டியிருப்பார்கள். கார் மூழ்கும்போது கயிறு கம்பியைப் பிடுங்கிவிடும், கடிகாரம் அந்த நொடியில் நின்றுவிடும். நின்ற நேரத்துக்கு அருகில் எழுதிக் கொடுத்தவருக்குப் பரிசு. இப்போது எல்லாம் கேமராவும் கணினியும்தான்.

ஹில்யா கடிகாரத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. திறந்து கிடந்த மரப்பெட்டிக் கதவைத் தடவிப் பார்த்தாள். கெட்டியான ஓக் பலகை. இரண்டு கொண்டி. கொண்டியின் விளிம்பில் பழைய சிவப்பு மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது.

"டில்மன் ஊருக்கு வந்தாச்சா?" என்று கேட்டாள்.

"ஓட்டல்ல இருக்கார். ஒத்திகைக்கு நாலு மணிக்கு வரார்" என்றாள் கோர்ட்னி.

"நல்லது. அய்லிக்காவும் வருவாங்க. பந்தயம் நடத்தற தீயணைப்பு ஆர்விட்டையும் கூப்பிடு. வரும்போது பழைய பந்தயப் பதிவேட்டை எடுத்துட்டு வரச் சொல்லு வைனோ."

"என்ன அண்ணி, சொல்லுங்களேன்!"

"நீதான் சொல்லியிருக்கே. யோசி."

வைனோ நாலு மணிவரை யோசித்தான். தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ராய்ஸ் டில்மனுக்கு எண்பத்துநாலு வயது. ஒட்டகமுடிக் கோட்டு, கைத்தடி, வெள்ளைத் தலை. அய்லியைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு, "பழசையெல்லாம் மறந்துடுவோம் அய்லி" என்றார். அய்லி கைப்பையை இறுக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். தீயணைப்புத் தலைவன் ஆர்விட், வாசலில் இந்த வருடப் பந்தயச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவன், சீட்டுப் பெட்டியோடும் பதிவேட்டோடும் உள்ளே வந்தான்.

"செனட்டர், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தாள் ஹில்யா. "அன்னிக்குக் கரையில மணி பார்த்தீங்களே, எந்தக் கடிகாரத்துல?"

"அதுலதான்" என்று மூலையைக் காட்டினார். "கைக்கடிகாரம் ரிப்பேர்ல இருந்தது. எல்லாம் எழுதியிருக்கே."

"வேற கடிகாரமா இருக்காதே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"கரையில வேற கடிகாரமே கிடையாதும்மா. மூணு நாப்பத்தேழு. சாகும்போது கேட்டாலும் சொல்வேன்."

வைனோவின் வாய் திறந்தது. மூன்று நாற்பத்தேழு. ரெண்டு நிமிஷம்! அடப்பாவி, என் படகு மூழ்கின நேரமாச்சே அது!

"அண்ணி! அது... அந்த வருஷம் ஜெயிச்ச நேரம்!"

"சத்தம் போடாதே. ஆர்விட், பதிவேட்டுல எழுபத்தைந்தாம் வருஷம் என்ன எழுதியிருக்கு?"

ஆர்விட் பக்கத்தைப் புரட்டினான். "எங்க அப்பா கையெழுத்து. 'ஏப்ரல் 22, செவ்வாய். கார் மூழ்கியது. கடிகாரம் நின்ற நேரம் பிற்பகல் மூன்று நாற்பத்தேழு.'"

டில்மன் சிரித்தார். "அதனால என்ன? நான் பார்த்தது பத்தாம் தேதி. ஒரு கடிகாரம் தினமும் ரெண்டு தடவை மூணு நாப்பத்தேழு காட்டும். தற்செயல்."

"இருக்கலாம். தற்செயலா எத்தனையோ கொட்டகை எரிஞ்சிருக்கு, பார்த்திருக்கேன்" என்றாள் ஹில்யா. "அதனாலதான் அந்த மணியோட நிறுத்தல. ஆர்விட், மேல என்ன எழுதியிருக்கு? மார்ச் மாசம்?"

"'மார்ச் 1. கயிறு கட்டியாயிற்று. கடிகாரப் பெட்டி பூட்டி முத்திரை வைக்கப்பட்டது.' அதுக்கப்புறம், 'ஏப்ரல் 22. முத்திரை ஊர் முன்னிலையில் உடைத்துத் திறக்கப்பட்டது.'"

கோர்ட்னி ஏணியிலிருந்து இறங்கி வந்தாள்.

"எனக்குப் புரியல" என்றாள். "கடிகாரத்தை ஏன் பூட்டணும்?"

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் எவனோ நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்துட்டான்" என்றான் வைனோ. இப்போது அவனைத் தடுக்க ஆளில்லை. "பெரிய அடிதடி! அப்புறம் மரக்கதவு போட்டுப் பூட்டி, மெழுகு முத்திரை வெச்சாங்க. கார் மூழ்கினப்புறம்தான் திறப்பாங்க, ஊரே மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். பாதிரியாரே கெஞ்சினாலும் காட்ட மாட்டாங்க. கேமரா வந்தப்புறம் அந்த வழக்கம் போயிடுச்சு. இந்த ஊர்க்காரன் எவனும் ஏப்ரல் பத்தாம் தேதி அந்தக் கடிகாரத்துல மணி பார்த்தேன்னு சொல்லவே மாட்டான்!"

"செனட்டர் இந்த ஊர்க்காரர் இல்ல" என்றாள் ஹில்யா. "மாநிலத்தோட தெற்கிலிருந்து வந்தவர். பந்தயத்தையெல்லாம் பட்டிக்காட்டு விளையாட்டுன்னு அந்தப் பக்கமே போனதில்ல. விசாரணைக் குழுவும் தெற்கில உட்கார்ந்து கேட்டது. சாட்சியத்தைப் பூட்டி வெச்சதால ஊர்க்காரங்க காதுக்கு வரல. வந்திருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்பாங்க."

"அப்போ மூணு நாப்பத்தேழுன்னு எங்கிருந்து சொன்னார்?" என்றாள் கோர்ட்னி.

"நின்ன கடிகாரத்தை அடுத்த குளிர்காலம்வரை எங்க மாட்டி வைப்பாங்க, அய்லிக்கா?"

அய்லி டில்மனைக் கை காட்டினாள். "நகர மண்டபத்துல. அவன் மேசைக்கு நேர் எதிர்ச் சுவர்ல. கதவைக் கழற்றிட்டு."

"செப்டம்பர்ல சாட்சி சொல்லப் போனார். ஐந்து மாசம் தினமும் கண்ணெதிர்ல இருந்த மணி. பொய் சொல்றவங்க புதுசா எதையும் உண்டாக்கமாட்டாங்க, கைக்கு எட்டினதை எடுத்துப் போட்டுக்குவாங்க. முப்பது வருஷம் பார்த்துட்டேன். அந்த மணி எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, இல்லையா செனட்டர்?"

டில்மன் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மறுப்பார், வக்கீலைக் கூப்பிடுவார் என்று வைனோ காத்திருந்தான். கிழவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒப்பந்தக்காரன் மேயரைப் பார்க்கவே இல்ல" என்றார் மெதுவாக. "என்னைத்தான் பார்த்துப் பணம் கொடுத்தான். அவன் என்கிட்ட வந்து போனதை மேயர் நோட்டில எழுதி வெச்சிருந்தார். பெட்டியை மண்டபத்துக் கொதிகலன் நெருப்புல போட்டேன். யாராவது எடுத்துட்டுப் போனதைப் பார்த்தேன்னு சொல்லணுமே... உன் பேரைச் சொன்னேன். உனக்குக் கல்யாணமாகல, பிள்ளை குட்டி இல்ல. அவ்வளவா கஷ்டம் வராதுன்னு நினைச்சேன்."

"அவ்வளவா வராதுன்னா?" என்றாள் அய்லி. கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "கல்யாணம் ஏன் ஆகலன்னு நினைக்கிறே, ராய்ஸ்?"

கோர்ட்னி நேராகச் சுவருக்குப் போய், 'பெட்டியை ஏரியில் போட்ட பெண்' என்ற பலகையைத் திருகாணியோடு பிடுங்கினாள். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் டில்மனிடம் நீட்டி, "இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு இங்க மாட்டப்போறது அதுதான்" என்றாள். சிகாகோக்காரி நல்லவள்தான் என்று வைனோ அன்றுதான் முடிவு செய்தான். கிழவர் எழுதி முடிக்க அரை மணி நேரமானது.

வெளியே வந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. ஏரியின் நடுவே இந்த வருடக் கார், சிவப்புக் கொடியோடு, கூரையில் வெள்ளை படிந்து நின்றது. அய்லி கரையோரக் கம்பிவேலிவரை நடந்தாள். அவள் அந்தக் கரைக்கு வந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

"எனக்கு ஒரு சீட்டுக் கொடு ஆர்விட்" என்றாள். "மூணு நாப்பத்தேழுன்னு எழுது."

"ஐயோ, அது வேண்டாம் அய்லிக்கா, ராசியில்லாத நேரம்!" என்று அலறினான் வைனோ. "வேணும்னா மூணு நாப்பத்தொம்போது போடுங்க!"

ஹில்யாகூடச் சிரித்துவிட்டாள். ஆர்விட் சீட்டை எழுதிக் கொடுத்தான். அவன் தீயணைப்பு வண்டி வழியை மறித்து நின்றது, பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஆர்விட் கையிலிருந்த சீட்டுப் பெட்டியைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், பிறகு அதை அய்லியிடம் நீட்டினான்.

"வண்டியை நகர்த்திட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் வெச்சிருங்க அய்லிக்கா."

சாதாரணத் தகரப் பெட்டி. மூடியில் கீறல். அய்லி அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. வைனோ தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

"பெட்டியை நான் வாங்கிக்கவா?" என்றான்.

"தொட்டே, கையை உடைச்சிடுவேன்" என்றாள் அய்லி.