நோயில்லாதவளின் தட்டு

கறுப்பு முளைக்கக் கூடாத தட்டில் மறுபடியும் கறுப்பு முளைத்திருந்தது.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுப்போக்கு நோயாளிகளின் மலத்திலிருந்து கிருமி வளர்க்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாக இருக்கும் ஊழியர் ஒருவருடையதையும் கூடவே வைப்பார்கள். இந்த முறை அவளுடையது. கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் வெதுவெதுப்பான வாடை முகத்தில் அடிக்க, அதன் ஓயாத முனகலைக் கேட்டபடி தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சிவப்புக் கூழின் மேல் மீன் கண்களைப் போல நடுவில் கறுத்த புள்ளிகள். சால்மோனெல்லா. சிலர் உடம்பில் நோய் காட்டாமலே தங்கி, கைவழியாக அடுத்தவர் வயிற்றுக்குப் போகும் கிருமி.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "உன்னோடதா? நீ குத்துக்கல்லாட்டம் இருக்கே! பேரை மாத்தி ஒட்டியிருப்பே, போடி."

மாற்றி ஒட்டவில்லை. முதல் தட்டிலும் இப்படித்தான் இருந்தது.

அவளுக்கு வயிறு வலித்ததே இல்லை. அவள் தங்கியிருந்த அக்கா வீட்டில்தான் முதலில் மாமா வயிற்றுப்போக்கில் படுத்தார், பிறகு அக்கா. கை சுத்தம் என்று சமையலை அவளிடம் விட்டிருந்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பாப்பாவுக்கு இன்னும் ஒன்றுமில்லை.

பயம் வரவில்லை. கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல மரத்திருந்தன.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது, சில நாட்களாகக் கழிப்பறைத் தண்ணீர்ச் சத்தம் ஓயாத அந்த வீட்டில் இப்போது பாப்பாவின் கம்மிய அழுகை மட்டும் கேட்டது. பினாயில் வாடை. அதற்கு அடியில் புளித்த இன்னொன்று. அக்கா தரையில் கிடந்தாள்.

"மாமாவ ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. எனக்குப் பால் வத்திப்போச்சுடி. புட்டியில கலந்து குடு."

"என் கையால வேணாம்க்கா. எனக்குள்ளதான் அது—"

"உளறாத. உன் கைதான் சுத்தம்."

அக்காவின் கண்கள் மூடிக்கொண்டன.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை பாப்பாவைத் தொடாமல் இருந்தால் போதும். எதற்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். தோல் எரியும்வரை கழுவினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

அழுகை.

கட்டிலில் கிடந்த பாப்பா புரண்டது. மறுபடி புரண்டது.

கட்டில் விளிம்பு.

கை தானாகப் போனது.

தாங்கிய உள்ளங்கையில் ஈரமான வாய் ஒன்று தேடியது. விரலைப் பிடித்தது. அழுகை நின்றது.

"குடிக்கிறாளா?" கண் திறக்காமல் அக்கா கேட்டாள்.

விரலை உருவப் பார்த்தாள். பல் முளைக்காத ஈறு இறுக்கிக்கொண்டது. அவள் முகத்தையே பார்த்தபடி, கண்கள் சொருக, பாப்பா உறிஞ்சியது.