பொருந்தாமைச் சான்றிதழ்

ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் தம்பதிகளுக்கு ஊசி நாள். கணவன் ரத்தத்தில் பிரித்தெடுத்த காவல் செல்கள் மனைவிக்கு, அவளுடையவை அவனுக்கு. சாயங்காலம் காய்ச்சல் அடித்தால் செல்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். அக்கம்பக்கத்தார் கஞ்சியோடு வந்து, "எவ்வளவு ஏறுச்சு?" என்று விசாரிப்பார்கள். "நூத்தியொண்ணு" என்பாள் என் மனைவி மாதங்கி, பெருமையாக. எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. வந்தது என்று சொல்லிவைப்பேன்.

முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இப்போது புற்றுநோய் சளி மாதிரி வந்து போகிறது. நம் உடம்பின் இயற்கைக் கொலையாளிச் செல்கள் எப்போதோ சோர்ந்துவிட்டன. அந்நியருடைய செல்கள்தாம் புற்றை அடையாளம் கண்டு கொல்லும். உறவினருடையவை நம் வீட்டு ஆள்தானே என்று விட்டுவிடும். ஓர் உடம்பால் இன்னோர் உடம்புக்கு மட்டுமே காவல் தர முடியும் என்பதால் அதையே கல்யாணம் ஆக்கிவிட்டார்கள். ஜாதகம் போய்ப் பொருந்தாமைச் சான்றிதழ் வந்தது. அத்தை மகன், மாமன் மகள் உரிமையெல்லாம் மலையேறிவிட்டது.

மாதங்கி என் மாமன் மகள். ஆறு வயதிலிருந்து அவள்தான் என்று இருந்தவன் நான். ஆய்வகத்தில் வேறொருவன் ரத்தத்தை என் பெயரில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினேன். அவளுக்குக் காய்ச்சல் வந்ததும், கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நம்பினேன். முட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, மாதங்கிக்கு வயிற்றுவலி என்று போனபோது டாக்டர் நஸ்ரீன் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்லீரல்ல மூணு கட்டி. உங்க செல்லு அவங்க உடம்புல ஒண்ணுமே செய்யலையே. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"காய்ச்சல் வந்துச்சே டாக்டர்!" என்றேன்.

மாதங்கி தலையைக் குனிந்துகொண்டாள். "வெந்நீர்ப் பையைக் கக்கத்துல வச்சுக்கிட்டேன் அத்தான். வரலைன்னு தெரிஞ்சா நம்மளப் பிரிச்சிருவாங்கல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த கணமே அழுகை. நானும் அதே பொய்யைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும்.

தனபாலன் என்று ஒருவர் காவல் துணை தேடுவோர் பட்டியலில் இருப்பதாக டாக்டர் சொன்னார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பிழைக்க வழியுண்டு. ஆனால் காவல் துணைகள் கணவன் மனைவியாகப் பதிந்து ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

"நான் போகமாட்டேன்," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "இருக்கிற வரைக்கும் உங்ககூட இருந்துட்டுப் போறேன். அதுக்குத்தானே இத்தனையும் செஞ்சோம்?"

பதினோரு நாள் கெஞ்சினேன். அவள் கண் மஞ்சளித்துக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் பதிவகத்துக்குத் தனியாகப் போனேன். பொய்ச் சான்றிதழை ஒப்புக்கொண்டு, விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏமாற்றியவன் ஒப்புக்கொண்டால் மற்றவர் சம்மதம் தேவையில்லையாம்.

"என்னைக் கேக்காமயா போட்டீங்க?"

"நீ பிழைக்கணும்டீ."

"பிழைச்சு?" என்றாள். மறுநாள் தனபாலன் வண்டியோடு வந்தார். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான்கு மாதம் கழித்து, கட்டிகள் கரைந்துவிட்டன என்று டாக்டர் நஸ்ரீன் சொன்னார். அன்றைக்கே அவளைப் பார்க்க அனுமதி கேட்டு மனு எழுதினேன். கணவன் என்று எழுத முடியாது. உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'அத்தை மகன்' என்று எழுதினேன்.

மனு திரும்பி வந்தது. அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, கீழே அவள் கையெழுத்தில், 'அப்படி எனக்கு யாரும் இல்லை' என்று இருந்தது.