கோடு விழாத கோப்பை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காக்ஸ் டவுனில் கிளாரன்ஸ் வீட்டு அழைப்பு மணியை அழுத்தியபோது தினேஷின் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதில் பதினாறு தாள்கள். பன்னிரண்டாவது தாள் அவனே எழுதியது. வரும் வழியில் இரண்டு சிக்னல்களில் அந்த ஒரு தாளை மட்டும் உருவி எடுத்துவிடலாமா என்று யோசித்தான். இரண்டு முறையும் அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

கிளாரன்ஸ் சிறு விமான விபத்துகளை ஆராய்ந்து காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுபவர். ஐம்பத்தைந்து வயது. எதற்கும் அவசரப்பட்டதாக அவரைத் தெரிந்த யாரும் சொன்னதில்லை. உதவியாளர் மமதா அதற்கு நேர் எதிர். தினேஷ் உட்காரும் முன்பே கோப்பை வாங்கிப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

"நிதானம் மமதா, முதல்ல அவர் வாயால கேப்போம்," என்றார் கிளாரன்ஸ். "சொல்லுங்க கேப்டன்."

தினேஷ் வரிசையாகச் சொன்னான். நகருக்கு வடக்கே ஒரு தனியார் ஓடுதளத்தில் இயங்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் அவன் ஆசிரியர். செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு, ஆஷா என்ற மாணவியோடு, இரண்டே இருக்கை உள்ள பயிற்சி விமானத்தில் கிளம்பினான். இருநூறு அடி ஏறியிருப்பார்கள். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. வேலிக்கு அப்பால் இருந்த கேழ்வரகு வயலில் இறக்கினான். விமானம் மூக்கைக் குத்திக்கொண்டது. ஆஷாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. திறந்து பார்த்தால் டேங்கில் பெட்ரோலோடு தண்ணீர். ஞாயிறு மாலை மழையில் விமானம் வெளியே நின்றிருக்கிறது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. திங்கள் விடுமுறை. விமானத்தை ஹேங்கர் கொட்டகையின் வாசலில் கூரைக்கு அடியில் தள்ளி வைத்ததோடு சரி.

"மூடி வழியா தண்ணி எறங்கறது புதுசில்ல," என்றார் கிளாரன்ஸ். "அதுக்குத்தானே தினமும் டேங்கோட அடியிலேர்ந்து ஒரு கப் பிடிச்சுப் பாக்கச் சொல்றாங்க. தண்ணி கனம், அடியில தங்கும். யார் பிடிச்சது?"

"பால்ராஜ் அண்ணா, எங்க டெக்னீஷியன். 'பார்த்தேன், சுத்தம்'னு அஞ்சே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார். ஓனர் கோதண்டராமன் சார் நம்பல. பாக்காமலே போட்ட கையெழுத்துன்னு வேலையிலேர்ந்து நிறுத்திட்டார். உங்க ரிப்போர்ட்டும் அப்படியே வந்துச்சுன்னா போலீஸ்ல புகார் கொடுக்கறதா இருக்கார்."

"கிளம்பறதுக்கு முன்னாடி விமானியும் தனியா ஒரு தடவை பிடிச்சுப் பாக்கணும் இல்லையா?"

"பாத்தோம் சார். பன்னெண்டாவது தாள்ல எழுதியிருக்கேன்."

சொன்ன குரல் தன்னுடையது போலவே இல்லை என்று தினேஷுக்குத் தோன்றியது. அன்று காலை பனிமூட்டம் விலகத் தாமதமாகி, அடுத்த மாணவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆஷா இறக்கைக்கு அடியில் குனிந்தாள். "பால்ராஜ் அண்ணா பாத்தாச்சும்மா, விடு, ஏறு," என்று சொன்னது அவன். விபத்துக்குப் பிறகு அறிக்கை எழுதும்போது, 'எரிபொருள் மாதிரி எடுத்துப் பார்க்கப்பட்டது' என்ற வரியும் தானாக விழுந்துவிட்டது. இரண்டு நாளாக அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், பால்ராஜும் பார்க்கவில்லை என்பதுதான். அவர் பொய் சொல்லியிருந்தால் தன் பொய் பாதி ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நினைத்தாலே முகம் சுட்டது.

"இதென்ன ஸார் கதை!" என்றாள் மமதா. "டேங்க் அடியில அவ்ளோ தண்ணி. ரெண்டு பேர் தனித்தனியா பாத்திருக்காங்க, ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியல. யாரோ ஒருத்தர் ரீல் விடறாங்க."

"இருக்கலாம். விமானத்துலேர்ந்து எடுத்த பொருள் பட்டியலைப் படி."

"தீயணைப்பான் ஒண்ணு. முதலுதவிப் பெட்டி ஒண்ணு. சக்கரத்துக்கு வைக்கிற கட்டை ரெண்டு. ஹெட்செட் ரெண்டு. எண்ணெய் துடைக்கிற துணி. வரைபடம். ஆஷாவோட போன். அவ்ளோதான். போன்ல ஒரு போட்டோ இருக்கு, அன்னிக்குக் காலையில ஆறு பத்துக்கு எடுத்தது. பிரிண்ட் வெச்சிருக்காங்க."

"அது நான்தான் எடுத்தேன்," என்றான் தினேஷ். "அவளுக்கு அன்னிக்கு அம்பது மணி நேரப் பறப்பு முடியறதா இருந்துச்சு. வந்ததும் முதல் வேலையா அம்மாவுக்கு அனுப்பணும்னு கேட்டா."

படத்தில் ஆஷா இறக்கைக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குப் பின்னால், உலர்ந்த சிமெண்ட் தரையில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். கிளாரன்ஸ் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஞாயிறுக்கப்புறம் மழை உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு தூறல்கூட இல்ல சார்."

அன்று மதியமே மூவரும் மர்பி டவுனுக்குப் போனார்கள். பால்ராஜின் வீடு மாடியில் ஒரே அறையும் சமையலறையும். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. இவர் விமான வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். மனைவி மோனிகா வேலைக்குப் போயிருந்தாள். அவரே அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தினேஷைப் பார்த்து, "வாங்க கேப்டன், ஆஷா பாப்பா கை எப்டி இருக்குது?" என்றார். தினேஷ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"நான் பாத்தேன் ஸார், சத்தியமா பாத்தேன்," என்றார் பால்ராஜ் கிளாரன்ஸிடம். "ரெண்டு ரெக்கையிலயும் கப்பு நெறையப் புடிச்சேன். ஹேங்கர் வாசல்ல மஞ்ச பல்ப்பு ஒண்ணு எரியும், அதுக்கு நேரா தூக்கிப் பாத்தேன். தண்ணி கலந்திருந்தா நடுவுல கோடு விழும் ஸார். மேல பெட்ரோலு, கீழ தண்ணி. கோடே இல்ல. மேலேந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி. அங்கியே தரையில ஊத்திட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

"தரையிலயா?"

"டப்பாவுல ஊத்தணும்னு ரூலு. எவன் ஊத்தறான்? தப்புதான், ஒத்துக்கறேன்."

"கப்பு எங்க?"

ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையின் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். "விமானத்துல இருந்தது உடைஞ்சு ரெண்டு வாரம் ஆவுது. புதுசு கேட்டிருக்கேன், வரல. இந்த ஒண்ணுதான், எங்கிட்டயே கெடக்கும். வேணுங்கறவங்க கூப்ட்டு வாங்கிக்குவாங்க."

"கையெழுத்துப் போட்டுட்டு எங்க போனீங்க?"

"அந்தக் கோடி ஷெட்டுக்கு, டயர் மாத்த. சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

அப்போதுதான் தீய்ந்த வாடை அவன் மூக்கில் ஏறியது. மமதா இருமினாள். கிளாரன்ஸ் கைக்குட்டையை எடுத்தார். அடுப்புக்கு இரண்டு எட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பால்ராஜ் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். மமதா தாவிப் போய் அடுப்பை அணைத்தாள்.

"பாத்திரமே கரியாயிடுச்சு! பின்னாடி பால் தீயறது தெரியலையாம், பெட்ரோலைக் கோடு போட்டுப் பாத்தாராம்!"

பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல," என்றார் மெதுவாக. மமதாவின் கிண்டலுக்குத் தினேஷ் சிரித்துவிட்டான். சிரித்தது பால்ராஜின் கண்ணில் பட்டுவிட்டது. அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

படியிறங்கும்போது கிளாரன்ஸ் அவன் தோளருகே வந்தார். "உங்க தாள்ல ஏதாவது மாத்தணுமா கேப்டன்?"

"இல்ல சார்."

"சனிக்கிழமை காலையில எல்லாரையும் ஹேங்கர் வாசலுக்கு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் டைம் இருக்கு."

வெள்ளிக்கிழமை முழுவதும் தினேஷ் போனைக் கையில் எடுத்துக் கீழே வைத்தான். கிளாரன்ஸின் எண்ணை மூன்று முறை எடுத்தான். ஒரு முறை மணி அடிக்கவும் செய்தது. அவர் எடுப்பதற்குள் துண்டித்துவிட்டான்.

சனிக்கிழமை காலை ஹேங்கர் வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள். முதலாளி கோதண்டராமன், கையில் மாவுக்கட்டோடு ஆஷா, சலவைச் சட்டையில் பால்ராஜ், எல்லோருக்கும் கொஞ்சம் தள்ளித் தினேஷ். கிளாரன்ஸ் மமதாவிடமிருந்து இரண்டு கோப்பைகளை வாங்கினார். ஒன்றில் விமானப் பெட்ரோல், ஒன்றில் தண்ணீர். இரண்டையும் உலர்ந்த சிமெண்ட் தரையில் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றினார்.

"பாத்துக்கிட்டே இருங்க. சொல்றதுக்கு நேரம் இருக்கு. பால்ராஜ் அஞ்சே முக்காலுக்குச் சாம்பிள் எடுத்ததா எழுதியிருக்கார். போட்டோ எடுத்தது ஆறு பத்துக்கு, கேப்டனும் ஆஷாவும் வந்த உடனே. அவங்க எதையும் தொடறதுக்கு முன்னாடியே இறக்கைக்குக் கீழ ஈரம் இருக்கு. மழை இல்ல. அப்போ ஊத்தினது பால்ராஜ்தான். அதாவது, அவர் சாம்பிள் பிடிச்சது நிஜம்."

"பிடிச்சா தெரிஞ்சிருக்கணுமேய்யா!" என்றார் கோதண்டராமன்.

"கீழ பாருங்க சார்."

பெட்ரோல் ஊற்றிய இடம் ஓரத்திலிருந்து சுருங்கி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிட்டது. தண்ணீர் அப்படியே கிடந்தது.

"பெட்ரோலா இருந்தா இருபத்தஞ்சு நிமிஷம் நிக்காது," என்றார் கிளாரன்ஸ். "அவர் ஊத்தினது தண்ணி. வெறும் தண்ணி. டேங்க் அடியில அவ்வளவு இருந்ததால கப்பு முழுக்க அதுவே வந்திருக்கு. கலந்திருந்தா கோடு விழும். முழுசும் ஒண்ணா இருந்தா எங்கேர்ந்து கோடு விழும்? பெட்ரோல்ல லேசா நீலம் இருக்கும், ஆனா அந்த மஞ்ச வெளிச்சத்துல நீலமும் தெரியாது. அவர் பொய் சொல்லல. பாத்ததைத்தான் சொன்னார்."

மமதா விடவில்லை. "ஆனா ஸார், மோந்து பாத்தா குழந்தைக்குக்கூடத் தெரியுமே? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். கருகிய பால் பாத்திரம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாரும் கேட்காமலே பால்ராஜ் முன்னால் வந்தார்.

"மோந்து பாத்தேம்மா. தினமும் மோந்து பாப்பேன், பழக்கம். ஆனா ஒண்ணும் தெரியாது. கொரோனாவுல போன வாசனை திரும்பி வரவே இல்ல. ஊட்ல மோனிகாவுக்கே தெரியாது, கொழம்பு வாசனையா இருக்குதுன்னு சொல்லிக்கினே கெடக்கறேன். இங்க சொன்னா, மூக்கு இல்லாதவன் போட்ட கையெழுத்தை யார் நம்புவாங்க? பழசு எல்லாத்தையும் தோண்டுவாங்க. வெக்கமா இருந்துச்சு ஸார், மறைச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

கோதண்டராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புகார் எதுவும் கொடுக்கல, பால்ராஜ். டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் செக் பண்ணி நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். மத்த வேலைக்குத் திங்கக்கிழமை வாங்க." பிறகு திரும்பினார். "ஆனா கிளாரன்ஸ், விமானியும் ஒரு சாம்பிள் எடுத்திருக்காரே. அதுலயும் தண்ணிதானே வந்திருக்கும்? இவருக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு?"

கிளாரன்ஸ் தினேஷின் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை; காத்திருப்பு மட்டும் இருந்தது. தினேஷ் தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தான்.

கிளாரன்ஸ் பெருமூச்சு விட்டார். "எடுக்கறதுக்குக் கப்பு வேணும் சார். விமானத்துல இருந்த பொருளெல்லாம் பட்டியல்ல இருக்கு, கப்பு இல்ல. உடைஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. இருந்த ஒரே கப்பு பால்ராஜ் பாக்கெட்டுல, பால்ராஜ் கோடி ஷெட்டுல."

"என் தப்பு சார்!" என்றாள் ஆஷா அவசரமாக. "அது ஸ்டூடண்ட் வேலை. நான்தான் மறந்துட்டேன். சார் கவனிச்சிருக்க மாட்டார்."

இருபது வயதுப் பெண், முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தனக்காகப் பொய் சொல்கிறாள். தினேஷால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"அவ மறக்கல," என்றான். "குனிஞ்சா. கப்பு எங்கேன்னும் கேட்டா. பால்ராஜ் அண்ணா பாத்தாச்சு, விடுன்னு நான்தான் ஏறச் சொன்னேன். பாத்ததா எழுதினதும் நான்தான். அண்ணா மேல பழி விழுந்தப்போ... விழட்டும்னு இருந்தேன்."

மமதா கையிலிருந்த கோப்பின் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்ராஜ்தான் பேசினார், கோபமே இல்லாத குரலில். "நீங்க கப்பு கேட்டு ஆள் அனுப்பலேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் கேப்டன்."

"அப்புறம் ஏன் அண்ணா சொல்லல?"

"நானே ஒண்ணை மறைச்சு வெச்சிருக்கறவன். எந்த மூஞ்சியை வெச்சிக்கினு உங்களைச் சொல்றது?" சற்று நிறுத்தினார். "ஆனா நாலு நாளா ஒண்ணுதான் மனசுல ஓடுது. எனக்குத்தான் மூக்கு இல்ல. உங்களுக்கு இருந்துச்சே கேப்டன்."

தினேஷுக்கு மன்னிப்பு என்ற சொல்கூட அந்த இடத்தில் ஒரு சாக்குப் போலத் தோன்றியது. ஆஷா அவனைத் தாண்டிப் போய், இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துவந்து பால்ராஜுக்குப் போட்டாள்.

பால்ராஜ் உட்கார்ந்தார். தினேஷ் நின்றுகொண்டே இருந்தான்.